உள்ளே பிலிம் இருக்கு

பழைய கேமராவைச் சரிசெய்ய நம்பகமான ஆள் யாராவது இருக்கிறார்களா என்று சென்ற ஆண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே திரிந்தோம். மாணவத் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். "கையில போன் இருக்கு, எதுக்குத் தோழர் இந்த வேலை?" என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. வீட்டுப் பரணில் பழைய பிலிம் கேமரா வைத்திருக்கும் யாருக்காவது எங்கள் அலைச்சலில் பாதியாவது மிச்சமானால் அதுவும் நல்லதுதான்.

கேமரா எங்களுடையது இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் இயக்க வேலை பார்த்த ஒரு மூத்த தோழருடையது. பகலில் பனியன் கம்பெனியில் கட்டிங், ராத்திரியில் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை சேரி சேரியாகச் சைக்கிள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அவருடைய மகள் எங்களைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டின்னையும் தோல் உறை போட்ட கேமராவையும் கொடுத்தார். டின் நிறைய நெகட்டிவ். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறியது. அசிடேட் பிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் அப்படித்தான் வாடை வரும். வந்துவிட்டால் இனி நாள் எண்ண வேண்டியதுதான்.

நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். டீக்கடைப் பந்தல் காலில் தனியாகக் கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர்கள். ஏப்ரல் 14 ஊர்வலம். யாரோ ஒருவருடைய கல்யாணம். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்ததே திருப்பூர் வேலைநிறுத்தம், அந்தக் காலத்துக் கூட்டம் போலத் தெரிகிற ஒன்றிரண்டு. அந்தப் போராட்டத்தைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அதில் நின்ற அருந்ததியர் முகங்களை நாங்கள் பார்த்தது இந்த டின்னில்தான்.

கேமரா பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரானது. ஆடம்பரம் எதுவும் கிடையாது; ஒளி அளக்கும் முள்ளுக்கு மட்டும் ஒரு சின்ன பட்டன் பேட்டரி, மற்றதெல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும். பேட்டரி செத்தாலும் படம் எடுக்கும். அதனால்தான் உலகம் முழுக்கப் புகைப்பட வகுப்புகளில் மாணவர்களுக்கு இதைக் கொடுத்தார்கள். சீட்டு எடுத்த பணத்தில் சென்னை பர்மா பஜாரில் வாங்கியது என்று மகள் சொன்னார். பர்மா பஜாரில் ரசீது எங்கே கொடுத்தார்கள்? இந்த ரசீது சங்கதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

பிலிமை நகர்த்தும் நெம்புகோல் பாதியில் நின்றுவிட்டது. மேலே இருக்கும் எண் 23இல் நிற்கிறது. இடதுபக்கக் குமிழை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் இறுக்கமாக எதையோ இழுக்கிறது. உள்ளே பிலிம் இருக்கிறது என்று அர்த்தம். கே1000இன் முதுகில் பார்ப்பதற்கு ஜன்னல் கிடையாது. குமிழ் சும்மா சுற்றினால் காலி, இறுகினால் ரோல் உள்ளே. அந்தத் தோழர் கடைசியாக எடுத்த 23 படங்கள் அந்த இருட்டுக்குள் இருந்தன. முதுகை ஒரு விநாடி திறந்தால் போதும், போயிற்று.

அதனால் எங்களுக்குத் தேவைப்பட்டது வெறும் ரிப்பேர்க்காரர் இல்லை. திறக்காதே என்றால் திறக்காமல் இருக்கிற ஆள்.

திருப்பூரில் மெக்கானிக்குக்கா பஞ்சம்? ஓவர்லாக் மெஷின் நின்றால் அரை மணியில் ஆள் வருவார். பேட்லாக், பவர் டேபிள், நிட்டிங் மெஷின், கம்ப்ரசர், எதற்கும் ஆள் உண்டு. ஊரே மெஷினை நம்பிப் பிழைக்கிறது. ஆனால் கேமராவுக்குக் கேட்டால் ஒரு தலைமுறையே காணாமல் போயிருந்தது. ஸ்டுடியோக்கள் எல்லாம் டிஜிட்டலுக்குப் போன பிறகு பழைய மெக்கானிக்குகள் சிலர் செல்போன் ரிப்பேருக்கு மாறினார்கள், சிலர் கடையை மூடினார்கள். பெரிய நகரங்களில் இன்னும் தெருக்கள் இருக்கின்றன; மும்பை கோட்டைப் பகுதியில் போரா பஜார், டெல்லி சாந்தினி சௌக்கில் குச்சா சௌத்ரி. உள்ளே ரோலோடு கேமராவைக் கூரியரில் அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். கவுண்டரில் கேமராவை வைத்ததும் அவர் அதைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். "எந்த ஊருங்க?" சொன்னோம். "அங்க யாரு வீடு?" சொன்னோம். "எந்தப் பக்கம்?" கொங்கு மண்டலத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மூன்று கேள்வியும் எதைத் தேடிப் போகின்றன என்று தெரியும். தேடியது கிடைத்ததும் நான்காவது கேள்வி வந்தது. "இது உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு? பில்லு இருக்குதா?" நாற்பது வருஷத்துக் கேமராவுக்கு அவர் வேறு யாரிடமாவது பில் கேட்டிருப்பாரா? பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கட்டைவிரல் முதுகு மூடியைத் திறக்கும் குமிழுக்குப் போய்விட்டது. எங்களோடு வந்த தங்கை, செக்கிங் வேலை பார்க்கிறவர், எட்டி அவர் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். "உள்ள பிலிம் இருக்குதுங்க!"

இரண்டாவது ஆள் மரியாதையாகவே பேசினார். சரி பண்ண முடியாது, ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். காபிக் கடைகளில் சுவர் அலமாரிக்குப் பழைய கேமரா வாங்குகிறார்களாம். அழகுக்கு.

நம்பகமான மெக்கானிக்கைத் தேடிப் போன எங்களுக்கு, எங்களை நம்புகிற மெக்கானிக்கும் சேர்த்தே தேவைப்பட்டார். திருட்டுப் பொருளோ என்ற பார்வை இல்லாமல் ஒரு தலித் இளைஞன் கவுண்டரில் கேமராவை வைக்க முடிவது சின்ன விஷயமில்லை. நம் வீடுகளில் பழைய போட்டோ ஏன் இல்லை என்று கேட்கிறோம். பரோடாவில் தயாராகி நாடு முழுக்க விற்ற அக்ஃபா கிளிக் 3 மாதிரி எளிய பெட்டிக் கேமராகூட யார் வீட்டில் இருந்தது? பண்ணையார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் மூலையில் பறையோடு நிற்கிறவராகத்தான் நம் தாத்தாக்கள் பிலிமில் விழுந்தார்கள். இன்று வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் சொந்தக் குடும்பத்தையே படமெடுத்து உலகத்தின் முன் வைக்கிறார். மதுரை பழனிக்குமார் மலக்குழி மரணங்களைப் பின்தொடர்கிறார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு அவர்தான். மும்பையில் சுதாரக் ஓல்வே துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் படமெடுத்தார். இவர்களுக்கெல்லாம் முன்னால், பெயர் வெளியே வராமல், சீட்டுப் பணத்தில் கேமரா வாங்கியவர்கள் ஊருக்கு ஒருவராவது இருந்திருப்பார்கள். அவர்களுடைய டின்கள் எங்கே?

மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்லுமுன் ஊட்டியைப் பற்றிக் கொஞ்சம். நமக்குப் பக்கத்து மலையில், அறுபதுகளில், பொதுத்துறையில் பிலிம் தொழிற்சாலை இருந்தது என்று எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960இல் தொடங்கிய நிறுவனம், 1967இல் உற்பத்தி. கறுப்பு வெள்ளை சினிமா பிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே பிலிம். பிராண்டு பெயர் இந்து. (பதற வேண்டாம், நிலா என்று பொருள்.) தூசி இல்லாத மலைக்காற்றும் குளிரும் பிலிம் பூச்சுக்கு ஏற்றவை. கலர் வந்தது, இறக்குமதி வந்தது, டிஜிட்டல் வந்தது. தொண்ணூறுகளிலேயே நொடித்து, பிறகு மூடப்பட்டது. தொழிற்சாலை மூடும்போது மெஷின் மட்டும் நிற்பதில்லை. இருட்டறையில் கைத்தடவலிலேயே வேலை செய்யத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் வீட்டுக்குப் போகின்றன. 2011இல் சாயப்பட்டறைகளை மூடியபோது இதே மாதிரி கைகள் வீட்டுக்குப் போனதை நாம் பார்த்திருக்கிறோம். நொய்யலுக்கு அது தேவைப்பட்டது என்பது வேறு கணக்கு.

கோயம்புத்தூரில் ஒருவர் இருக்கிறார் என்று திருமணப் போட்டோ எடுக்கும் ஒரு நண்பர் சொன்னார். கடை கிடையாது, போர்டு கிடையாது, வீட்டு முன்னறையில் ஒரு மேசை. வயது எழுபதுக்கு மேல். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அப்புறம் ஊர்ல இருக்கற செத்த கேமரா பூரா இங்க வந்துரும்" என்றார்.

கேமராவை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உள்ள ரோல் இருக்குதுங்களா?"

எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஊர் கேட்கவில்லை. பில் கேட்கவில்லை. கடைசியாக எப்போது படம் எடுத்தது, எங்கே வைத்திருந்தீர்கள், யாராவது எண்ணெய் விட்டார்களா, இவைதான் கேள்விகள். வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நாங்கள் குடித்து வைத்த அதே சொம்பைத் தூக்கி அவரும் குடித்தார். அவர் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

"மொதல்ல உள்ள இருக்கறத எடுக்கோணும். கேமரா அப்புறம்" என்றார். அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திக் குமிழை ஒரு கால் சுற்று திருப்பினார், நிறுத்திவிட்டார். பிலிமின் ஓட்டை கிழிந்து பல்லில் சிக்கியிருக்கும், இழுத்தால் அறுந்துவிடும், இருட்டுப் பைக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். அவருடைய இருட்டுப் பை கிழிந்துபோய்க் கிடந்தது.

திருப்பூர்க்காரர்களிடமா பைக்குக் குறை சொல்வது? பை தைக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பின்னலாடைத் துணி உடம்புக்கு ஆகாது, இழுத்தால் கண் திறந்து வெளிச்சம் உள்ளே வரும்; அதனால் நெருக்கமாக நெய்த கறுப்புத் துணி மூன்று அடுக்கு. கை நுழையும் இடத்தில் மட்டும் டி-சர்ட் கழுத்துக்குப் போடும் ரிப், உள்ளே எலாஸ்டிக். ஷிப்ட் முடிந்த பிறகு ஓவர்லாக்கில் ஒரு அக்கா தைத்துக் கொடுத்தார். பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்று சோதித்தோம். புள்ளி வெளிச்சம் இல்லை.

அடுத்த ஞாயிறு, அவர் அந்தப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இருபது நிமிஷம் வேலை பார்த்தார். நாங்கள் மூச்சு விடவில்லை. ரோல் வெளிச்சம் புகாத டப்பாவில் வந்தது.

அதன் பிறகு கேமராவை எங்கள் முன்னாலேயே திறந்தார். நம்பகமான மெக்கானிக்கை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பவர்களுக்கு, அந்த மேசையில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். திருகாணியின் தலை ஒன்றுகூடச் சிதையவில்லை. ஜப்பான் கேமராவின் நட்சத்திரத் திருகாணி நம் கடை ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது, தலையைத் தின்றுவிடும். அவர் முனையைத் தானே அரத்தில் தேய்த்து வைத்திருந்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் முட்டை அட்டையின் குழிகளில் வைத்தார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தார். எது முடியாது என்பதை முதலிலேயே சொன்னார்: ஒளி அளக்கும் முள் செத்துவிட்டது, அதற்குப் பாகம் இல்லை, பணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்ல மாட்டேன். ஒரு விநாடி, அரை விநாடி போன்ற மெதுவான வேகங்களில் ஷட்டர் திணறுகிறது, பழைய கிரீஸ் பிசினாகிவிட்டது, கழுவ வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் ஓடாதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மாசம் ஓடும். அப்புறம் எண்ணெய் ஊர்ந்து லென்ஸ் இதழுக்குப் போயிரும். கேமரா மெக்கானிக்கு எண்ணெய்க் கேன் வெச்சிருந்தா அவங்கிட்ட போகாதீங்க." ஊசி முனையில் ஒரு துளி, அதுவும் இரண்டே இடத்தில், அவ்வளவுதான் எண்ணெய்.

மூலையில் கொழுத்த பழைய டிவி ஒன்று நின்றது. பார்ப்பதற்கில்லை. படக்குழாய் டிவித் திரைக்கு முன்னால் கேமராவின் முதுகைத் திறந்து பிடித்து ஷட்டரை அழுத்தினால் சாய்வாக ஒரு ஒளிப்பட்டை தெரியும். பட்டை ஒரே அகலமாக இருந்தால் திரைச்சீலை இரண்டும் சமமாக ஓடுகின்றன. ஒருபக்கம் குறுகினால் படத்தில் அந்தப் பக்கம் இருட்டடிக்கும். இந்தக் காலத்தில் போனின் ஸ்லோமோஷனில் எடுத்தும் மெதுவான வேகங்களை ஓரளவு பார்த்துவிடலாம். வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

முதுகு மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருந்த நுரைப்பட்டை தார் மாதிரி உருகியிருந்தது. அந்தக் காலக் கேமராக்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் வரும் வியாதி. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்பு நூலைப் பள்ளத்தில் பதித்து ஒட்டினார். அடுத்த முறை வரும்போது நல்ல கறுப்பு நூல் கொண்டுவாருங்கள், உங்கள் ஊரில் இல்லாத நூலா என்றார். ஒரு கோன் கொண்டுபோய்க் கொடுத்தோம். லென்ஸ் துடைக்க என்று பனியன் வேஸ்டையும் ஒருவர் கொண்டுபோயிருந்தார், அதை மட்டும் தொடவே விடவில்லை.

லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னியிருந்தது. காரணம் அந்தத் தோல் உறை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் உறையின் பட்டை அறுந்த இடத்தில் போட்டிருந்த தையல் நம்மவர் யாரோ போட்டது. மெழுகு நூல், கையால் போட்ட இரட்டைத் தையல், முப்பது வருஷமாகப் பிரியாமல் நிற்கிறது. கவலை இறைத்த காலத்தில் சாலின் தோல் தும்பியைத் தைத்த கை அப்படித்தான் தைக்கும். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதத் தெச்சவர் என்னைவிட வேலைக்காரர்" என்றார். தோல் வேலை கற்றவன் கை கடிகார வேலைக்குப் போவதையும் கேமரா வேலைக்குப் போவதையும் தடுத்தது திறமைக் குறைவா? உறையைத் தனியாக வைத்திருக்கிறோம். கேமரா இப்போது காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு.

ஏழு வாரம் ஆயிற்று. முதலில் சொன்ன 2,200 ரூபாய்தான் வாங்கினார், ஒரு ரூபாய் கூட்டவில்லை.

ரோலுக்கு வருவோம். கலர் ரோல். இத்தனை வருஷத்தில் சாயம் போயிருக்கும், கலராகக் கழுவினால் ஒன்றும் வராது, கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவுங்கள் என்று அவரே சொல்லி, டி-76 கரைசலில் எப்படிக் கழுவுவது என்று காட்டினார். 23இல் ஒன்பதில் உருவம் தெரிந்தது. புகை மூட்டத்துக்குள் பார்ப்பது போல. இரண்டு, வீட்டு வாசலில் குழந்தை. ஒன்று, சுவரெழுத்து. ஐந்து படங்கள் அடுத்தடுத்து: பாடை தூக்கி வருகிறார்கள், முள்வேலி, வேலிக்கு முன்னால் பாடையோடு நிற்கிறார்கள், திரும்புகிறார்கள், இடுப்பளவு தண்ணீரில் பாடை போகிறது. ஒன்பதாவதில் வெறும் வானம்.

அந்தப் பாதை எது என்று மகள் உடனே சொல்லிவிட்டார். வேலி இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது, கம்பிவேலியாக. சுடுகாட்டுக்கு அங்கே பாதையே இருந்ததில்லை, இப்போதுதான் இவர்கள் புதிதாகக் கேட்கிறார்கள் என்பது எதிர்த்தரப்பு வாதம். முதல் படத்தில் பாதை இருக்கிறது. இரண்டு பக்கமும் கல் நட்டு, தேய்ந்து, புல் முளைக்காத பாதை.

போன் எதற்குப் போதாது என்று கேட்ட தோழர்களுக்கு: போன் வேண்டும். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டிக் கொன்றதைக் கடைவாசல் கண்காணிப்புக் கேமராதான் உலகத்துக்குக் காட்டியது. அது இல்லாவிட்டால் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள். ஆனால் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு; கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்துப் புகாரோடு இணைத்தால் பிறகு வழக்கில் தடுமாறுவோம். எடுத்த போனை அழிக்காமல் வைத்திருங்கள். நெகட்டிவ் என்பது அசல் பொருள். அதிலும் ஏமாற்றலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெட்டாத பட்டையில் ஒரு படத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்ற வரிசை மாறாது. வேலிக்குப் பிறகுதான் தண்ணீர்.

எடுத்தவர் வந்து நான்தான் எடுத்தேன் என்று சொன்னால் வேலை சுலபம். அவர் இல்லை. அதனால் படத்தில் இருப்பவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஐந்து படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஊர் ஊராக எடுத்துப் போகிறோம். பாடையின் முன்கால் பிடித்திருப்பவர் காலமாகிவிட்டார். பின்னால் வலதுபக்கம் தோள் கொடுத்திருப்பவர், அன்றைக்கு இருபது வயதிருக்கும், இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் என்று தெரிந்திருக்கிறது. படத்தைப் போனில் அனுப்பினோம், கண் சரியாகத் தெரியவில்லை, பேப்பரில் கொண்டுவாருங்கள் என்றார். அவருக்கு ஞாயிறுதான் லீவு. செக்கிங் தங்கை அன்றைக்குக் கோயம்புத்தூர் போகிறார், செத்துப்போன யாஷிகா ஒன்றை முழுக்கப் பிரித்துப் பூட்டச் சொல்லி மெக்கானிக் அவருக்கு வேலை கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் வாட்ச்மேனைப் பார்க்கப் போகிறோம்.